காட்டுயிரியல் படிப்பும் வீட்டுக் கணக்கும்

காட்டிலும் புல்வெளியிலும் நீர்நிலைகளிலும் தம்போக்கில் வாழும் விலங்குகளை அவை வாழும் இடத்திலேயே நெடுநாள் கூர்ந்து நோக்கி, அவற்றின் எண்ணிக்கை, உணவு, இனப்பெருக்கம், நடமாட்டம், பிற உயிர்களோடு அவை கொள்ளும் உறவு ஆகியவற்றை அளந்தறியும் அறிவியல் துறையே காட்டுயிரியல் எனப்படுகிறது. ஒரு செந்நாய்க் கூட்டம் எவ்வாறு வேட்டையாடுகிறது, எத்தனை குட்டிகளை வளர்த்தெடுக்கிறது என்று சான்றோடு சொல்ல வேண்டுமானால் ஆய்வாளர் இரண்டு மழைக்காலங்களையேனும் காட்டில் கழித்தாக வேண்டும். அக்காலம் முழுவதும் அவருக்கு உணவும் உறைவிடமும் சிறிதளவு ஊதியமும் எங்கிருந்தேனும் வந்தாகவும் வேண்டும். இந்த இரண்டாவது தேவையைப் பற்றி வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. தென் தமிழகத்தின் வேளாண் குடும்பம் ஒன்றிலிருந்து 1980களின் இறுதியில் இத்துறைக்கு வந்த இக்கட்டுரையாளரின் நினைவில், படித்த பாடங்களுக்கு நிகராக நிற்பது அந்த வீட்டுக் கணக்குதான்.

அவரது ஊர் களக்காட்டு மலையின் அடிவாரத்தில், திருக்குறுங்குடிக்கு அருகில் உள்ளது. அகத்தியமலைத் தொடரின் அப்பகுதியில் 1970களில் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் சோலைமந்திகளை ஆராய்ந்தனர். மேற்கு மலைத்தொடரின் மழைக்காடுகளில் மட்டுமே வாழும் அக்குரங்கினத்தின் பாதுகாப்பைக் கருதியே 1976இல் களக்காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1988இல் அது முண்டந்துறையோடு இணைக்கப்பட்டுத் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாயிற்று. வாழைத் தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி புகுந்த இரவுகளைப் பற்றி மட்டுமே விலங்குப் பேச்சு நடந்த அவ்வூரில், குரங்கு என்ன தின்கிறது என்று எழுதி வைப்பதற்காகக் கடல் கடந்து வந்தவர்கள் இருந்தார்கள் என்ற செய்தி பெரியவர்களுக்கு வியப்பாகவும், விலங்கியல் பட்டப் படிப்பில் சேர்ந்திருந்த மாணவருக்கு ஒரு திறப்பாகவும் அமைந்தது. அத்தகைய வேலை என்று ஒன்று உலகில் உண்டு என்பதே அவருக்கு அதன்வழித்தான் தெரியவந்தது.

அவ்வேலையைத் தமிழர் ஒருவரும் செய்யக்கூடும் என்பதற்குச் சான்று அதைவிட அருகில் இருந்தது. நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர். ஜிம் கார்பெட்டின் நூல்களால் ஈர்க்கப்பட்டு, 1976 முதல் 1978 வரை கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களை நடந்தே பின்தொடர்ந்து ஆராய்ந்தவர். காட்டில் தன்னியல்பாக வாழும் பெரிய பாலூட்டி ஒன்றைப் பற்றி இந்திய அறிவியலாளர் ஒருவர் செய்த முதல் ஆய்வாக அது மதிக்கப்படுகிறது. பின்னர் 1985இல் டேராடூனிலுள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தில் சேர்ந்து, 2005இல் ஓய்வு பெறும் வரை அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் பலரை உருவாக்கினார், 2024இல் மறைந்தார். நெல்லைச் சீமையின் மாணவர்கள் அவரது துணிவைப் பற்றியே பேசிக்கொண்டனர். இக்கட்டுரையாளரின் தந்தை கவனித்தது வேறொன்று: அவர் முதலில் ஒரு கல்லூரியில் வேலை பெற்றார், காட்டுக்குப் பிறகே சென்றார் என்பது. அந்தக் கவனிப்பின் கூர்மை மகனுக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின என்றாலும், வீட்டில் நடந்த ஒவ்வொரு பேச்சிலும் அது அடித்தளமாக இருந்தது.

அன்றைய பட்டப் படிப்பு இத்துறைக்கு மாணவரை ஆயத்தப்படுத்தியது என்று கூற இயலாது. தவளை, கரப்பான், சுறா ஆகியவற்றை அறுத்து உள்ளுறுப்புகளைக் காட்டுவதிலும், கண்ணாடிக் குடுவைகளில் ஃபார்மலினில் மிதந்த உயிரிகளின் பெயரையும் வகைப்பாட்டையும் ஒப்பிப்பதிலும் மூன்றாண்டுகள் கழிந்தன. உயிர்களுக்கும் சூழலுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் சூழலியல் ஒரு தாளின் பாதியில் அடங்கியது. ஆயினும் வகைப்பாட்டில் கிடைத்த பயிற்சி வீண்போகவில்லை. எலும்புத் துண்டையும் பல்லையும் மயிரையும் கொண்டு விலங்கை அடையாளம் காணும் பழக்கம், பிற்காலத்தில் ஊனுண்ணிகளின் எச்சத்தைக் கழுவிச் சலித்து அவை உண்ட இரை எது என்று கண்டறியும் வேலைக்கு நேராகப் பயன்பட்டது.

பட்டம் முடியும் தறுவாயில் குடும்பத்தின் முன் நான்கு வழிகள் இருந்தன. முதலாவது பி.எட். முடித்துப் பள்ளி ஆசிரியராவது. உறவினர் அனைவரும் அறிந்த, ஐயத்துக்கு இடமற்ற வழி அது. இரண்டாவது, மத்தியத் தேர்வாணையம் நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வு. விலங்கியல் பட்டதாரிகள் அதை எழுதலாம். வெற்றி பெற்றவர் வனக்கோட்டம் ஒன்றின் பொறுப்பை ஏற்று, காப்பு, வழக்கு, நிதி, பணியாளர் எனப் பலவற்றையும் நிர்வகிப்பார். ஒரு காட்டின் தலைவிதியை மாற்றும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஒரே விலங்கை ஓராண்டு உட்கார்ந்து நோக்கும் ஓய்வு அரிது. மூன்றாவதான கால்நடை மருத்துவம் பள்ளியிறுதி மதிப்பெண்ணோடு அடைபட்டுப் போயிருந்தது. தமிழக வனத்துறையின் யானை மருத்துவராக வாழ்ந்த வி. கிருஷ்ணமூர்த்தியின் பணியைப் பற்றியும், அவரை மையமாகக் கொண்டு ஜெயமோகன் எழுதிய ‘யானை டாக்டர்’ கதையைப் பற்றியும் அறிந்த இன்றைய மாணவர்கள், அது பிளஸ் டூ முடிந்த உடனேயே தேர்ந்தாக வேண்டிய பாதை என்பதைக் கவனிக்க வேண்டும்; மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் நடக்கும் வனவியல் பட்டப் படிப்புக்கும் அதுவே பொருந்தும். நான்காவதுதான் காட்டுயிரியல் முதுகலை.

நான்காவது வழியிலும் எல்லாக் கதவும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1982இல் நிறுவப்பட்ட இந்தியக் காட்டுயிர் நிறுவனம் 1988இல் முதுகலைப் படிப்பைத் தொடங்கியபோது நாடு முழுவதிலுமிருந்து மிகச் சிலரையே தேர்ந்துகொண்டது. ஆங்கில நேர்காணலும் டேராடூன் வரையிலான பயணமும் தமிழ்வழியில் படித்த சிற்றூர் மாணவருக்கு மலைப்பைத் தந்தன. மயிலாடுதுறைக்கு அருகில் மன்னம்பந்தலில் இருந்த ஏ.வி.சி. கல்லூரி, மிகக் குறைந்த கட்டணத்தில், பேருந்தில் போய்ச் சேரும் தொலைவில், அதே துறையில் முதுகலைப் பட்டம் தந்தது. காட்டுயிர் ஆய்வு ஆங்கிலம் பேசும் பெருநகரக் குடும்பங்களின் தனியுடைமையாக இருந்துவிடாமல் தஞ்சை, நெல்லை, சேலம் மாவட்டங்களின் உழவர் பிள்ளைகளையும் நெசவாளர் பிள்ளைகளையும் அடைந்ததில் இத்தகைய கல்லூரிகளுக்குள்ள பங்கு இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. உதகை அரசு கலைக் கல்லூரியிலும் இப்படிப்பு இப்போது நடைபெறுகிறது.

முதுகலையின் முதன்மையான வகுப்பறை கோடியக்கரையாக இருந்தது. வங்கக் கடலுக்கும் பாக் நீரிணைக்கும் இடையே நிலம் முனையாகக் குறுகும் அவ்விடம் 1967இல் சரணாலயமாக்கப்பட்டது. பாலை மரங்கள் செறிந்த வறண்ட பசுமைமாறாக் காடும், உவர் புல்வெளியும், அலையேறும் சேற்றுப் பரப்பும் அங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளன. குளிர்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் வந்திறங்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பறவைகளை மெல்லிய வலையில் பிடித்து, எண் பொறித்த உலோக வளையத்தைக் காலில் மாட்டி விடுவிப்பர். அவ்வளையம் பின்னர் வேறொரு நாட்டில் மீட்கப்படுமானால் வலசைப் பாதை தெரியவரும். புல்வெளியில் வெளிமான்கள் மேயும். முறுக்கிய கொம்பும் கருத்த முதுகும் கொண்ட கடாக்கள் தத்தம் எல்லையை வகுத்துக்கொண்டு, குறிப்பிட்ட இடங்களில் புழுக்கையைக் குவித்து அதை அறிவிக்கும். மாணவர்களுக்கு ஆசிரியர் முதலில் தந்த பணி, ஒரு கடாவை மட்டும் தேர்ந்து விடியற்காலை முதல் அந்தி வரை அது மேய்வது, நிற்பது, படுப்பது, விரட்டுவது ஆகியவற்றைக் குறித்த நேர இடைவெளியில் எழுதுவதாகும். ஜீன் ஆல்ட்மன் 1974இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் ஒழுங்குபடுத்திக் கூறிய நோக்கு முறைகள் இவ்வேலைக்கு அடிப்படையாயின: கண்ணைக் கவர்ந்த நிகழ்ச்சியை மட்டும் எழுதினால் சண்டைகளே நிறைந்த ஏடு உருவாகும், விலங்கின் நாளில் பெரும்பகுதியான அமைதியான மேய்ச்சல் விடுபட்டுப் போகும் என்பதே அதன் சாரம்.

எண்ணிக்கையை மதிப்பிடும் நேர்கோட்டுப் பாதை முறையும் அப்புல்வெளியில்தான் கற்பிக்கப்பட்டது. ஆய்வாளர் முன்கூட்டியே வகுத்த நேர்கோட்டில் மெல்ல நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு மந்தைக்கும் தமக்கும் உள்ள தூரத்தையும், நடக்கும் திசைக்கும் மந்தை நிற்கும் திசைக்கும் இடைப்பட்ட கோணத்தையும் குறித்து, கோட்டிலிருந்து மந்தை இருக்கும் செங்குத்துத் தொலைவைக் கணக்கிடுவார். தொலைவு கூடக் கூடக் கண்ணில் படும் வாய்ப்பு எவ்வாறு குறைகிறது என்பதை அத்தொலைவுகளிலிருந்தே மதிப்பிட்டு, காணாமல் விடப்பட்டவற்றையும் சேர்த்து ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை விலங்குகள் இருக்கக்கூடும் என்று கூறுவார். காணாததையும் கணக்கில் கொள்ளும் இந்த எண்ணம் இக்கட்டுரையாளரின் படிப்பைத் திசைதிருப்பியது. விடுதி நண்பர்கள் பறவைப் பெயர்களை மனனம் செய்த மாலைகளில் அவர் கணிதத் துறை ஆசிரியர் ஒருவரிடம் நிகழ்தகவும் மாதிரியெடுப்பும் கற்றுக்கொண்டார். காட்டுயிரியல் பயில விரும்பும் மாணவர் பள்ளியில் கணிதத்தைக் கைவிட வேண்டியதில்லை என்பதையும், புள்ளியியலே இத்துறையின் பொதுமொழி என்பதையும், அவரிடம் வழிகேட்டு வரும் ஒவ்வொருவருக்கும் அவர் முதலில் கூறுவதற்கு இந்த மாலைகளே காரணம்.

முதுகலைக்குப் பின் வந்தது, வழிகாட்டி நூல்கள் பேசாத அந்த இடைவெளி. அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றமும் பல்கலைக்கழக மானியக் குழுவும் அன்று நடத்திய தேசியத் தகுதித் தேர்வில் உதவித்தொகையோடு தேர்ச்சி பெற்றால் முனைவர் பட்ட ஆய்வுக்கு மாதந்தோறும் பணம் வரும். அத்தேர்வின் உயிர் அறிவியல் தாளோ மூலக்கூறு உயிரியலையும் உயிர்வேதியியலையும் பெரிதும் உள்ளடக்கியது. அதைக் கடக்கும் வரை திட்ட உதவியாளர் பணியே கதி. குறிப்பிட்ட ஆய்வுத் திட்டம் ஒன்றுக்கு நிதி இருக்கும் காலம் வரை தரப்படும் ஒப்பந்தப் பணி அது. அவ்வாறு இக்கட்டுரையாளர் முதுமலைக்குச் சென்றார்.

முதுமலை 1940இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட, 321 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள காடு. மேற்கே மழை மிகுந்த ஈரக் காடாகத் தொடங்கி, நடுவே தேக்கும் வெண்தேக்கும் நிற்கும் இலையுதிர் காடாகி, கிழக்கே மசினகுடிப் பக்கம் முட்காடாக வறள்கிறது; இந்த மழைச்சரிவு காரணமாகவே யானைகள் பருவந்தோறும் இடம் மாறுகின்றன. ஆர். சுகுமார் உள்ளிட்ட இந்திய அறிவியல் நிறுவனத்தினர் 1988இல் அங்கே 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, அதிலுள்ள மரங்களுக்கு எண்ணிட்டு, அவற்றின் வளர்ச்சியையும் இறப்பையும் தொடர்ந்து பதிவு செய்யத் தொடங்கியிருந்தனர். இக்கட்டுரையாளருக்குத் தரப்பட்ட வேலை, லத்தி என்று வழங்கும் யானைச் சாணக் குவியல்களை எண்ணுவது. ஒரு யானை நாளொன்றுக்கு இடும் குவியல்களின் சராசரியும், ஒரு குவியல் முற்றிலும் மக்கி மறைய எடுக்கும் நாட்களும் தெரிந்தால், காட்டில் காணப்படும் குவியல்களின் அடர்த்தியிலிருந்து யானைகளின் அடர்த்தியைக் கணக்கிடலாம். மழை, வெயில், சாணவண்டுகள், கறையான் ஆகியவற்றால் மக்கும் வேகம் மாறுவதால், புதிய குவியல்களுக்கு அடையாளமிட்டு மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்பணியில் அவருக்கு உண்மையான ஆசிரியராக அமைந்தவர் குறும்பர் சமுதாயத்தைச் சேர்ந்த களத் துணைவர். மண்ணைச் சிட்டிகையாக எடுத்து விட்டுக் காற்றின் போக்கைப் பார்ப்பதும், மிதிபட்ட புல் நிமிர்ந்துள்ள அளவைக் கொண்டு விலங்கு கடந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்வதும், உண்ணிச்செடிப் புதருக்குள் யானை நிற்பதை வயிற்றின் உறுமலால் அறிந்து அனைவரையும் பின்னுக்கு அழைப்பதும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத கல்வி. தம்மைவிட இருமடங்கு வயதுடைய அவரை இக்கட்டுரையாளர் அண்ணா என்று அழைத்தார். அவரோ இறுதிவரை சார் என்ற சொல்லை விடவில்லை. பட்டதாரியின் உயிர் பலமுறை அவர் கையில் இருந்தது. ஆய்வறிக்கையில் அவர் பெயர் நன்றியுரையின் கடைசி வரியில் மட்டுமே இடம்பெற்றது. காட்டுயிரியலில் நீதி என்று ஒன்று பேசப்படுமானால் அது இந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. தரவைச் சேர்த்தவர், தரவின் பொருளை விளக்கியவர் ஆய்வின் ஆசிரியருள் ஒருவராவதற்கு எழுத்தறிவின்மை தடையாக இருக்கக் கூடாது.

திட்ட ஊதியம் பல மாதங்கள் தாமதமாக வந்ததும் அக்காலத்தில்தான். மசினகுடியில் அரிசியும் பருப்பும் கடனாகத் தந்த கடைக்காரரின் பொறுமையினாலும், ஊரில் வாழைத்தார் விற்ற பணத்தில் தந்தை அனுப்பிய பணவிடைகளாலும் ஆய்வு தொடர்ந்தது. அவ்வாண்டில் தமக்கையின் திருமணம் நிச்சயமாகியிருந்ததால் அப்பணவிடைகளின் எடை மிகுதி. பறவையியலாளர் சாலிம் அலியின் வாழ்க்கையை அவர் அப்போது மீண்டும் படித்தார். பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மன்னிடம் பறவையியல் பயின்று 1930இல் திரும்பிய சாலிம் அலிக்கு, அருங்காட்சியகத்தில் முன்பு இருந்த வேலை நிதிக் குறைவால் இல்லாது போயிற்று. மனைவி தெஹ்மினாவோடு மும்பைக்கு அருகிலுள்ள கீஹிம் என்னும் கடலோரச் சிற்றூருக்குச் சென்று தங்கி, அங்கே தூக்கணாங்குருவிகளின் இனப்பெருக்கத்தைப் பற்றிச் செய்த ஆய்வே அவருக்குப் பெயர் தந்தது. வேலையில்லாத அம்மாதங்களைத் தாங்கிக்கொள்ள அவருக்கு வீடும் துணையும் இருந்தன. அத்தகைய தாங்குதல் இல்லாத திறமையாளர்கள் இக்கட்டுரையாளரின் வகுப்பிலேயே இருந்தனர். கோடியக்கரையில் அவரைவிடக் கூர்மையாக நோக்கிய நண்பர் ஒருவர், முதுகலை முடிந்த மறு ஆண்டே குடும்பச் சுமையால் மருந்து விற்பனைப் பணிக்குச் சென்றார். அவருடைய வெளிமான் குறிப்பேடு இத்துறை இழந்த செல்வங்களுள் ஒன்று.

முதுமலைத் திட்டம் முடிந்ததும் இக்கட்டுரையாளர் எடுத்த முடிவு, தந்தை முன்னரே கண்டிருந்ததுதான்: தகுதித் தேர்வில் விரிவுரையாளர் தகுதியைப் பெற்று, கல்லூரி ஒன்றில் ஆசிரியராகி, கோடை விடுமுறைகளிலும் பின்னர் படிப்பு விடுப்பிலும் முனைவர் பட்ட ஆய்வை முடிப்பது. முழுநேர ஆய்வாளர்கள் நான்கைந்து ஆண்டுகளில் முடிப்பதற்கு அவருக்கு ஏறத்தாழ இருமடங்கு காலம் ஆயிற்று. ஆயினும் ஒரே மலையை, களக்காட்டு மலையை, நீண்ட இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்கும் வாய்ப்பை அந்தத் தாமதமே தந்தது. வரையாடுகள் மேயும் புல்முகடுகளில் பருவம் தவறிய மழை என்ன செய்கிறது என்பது இரண்டாண்டுத் திட்டத்தில் தெரியக்கூடியதன்று.

இன்று நிலைமை பலவாறு மேம்பட்டுள்ளது. கோவைக்கு அருகில் ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையமும், பெங்களூரில் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் காட்டுயிரியல் முதுகலைப் படிப்பும், வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே சிதைந்த மழைக்காட்டை மீட்டுவரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் களநிலையமும் மாணவர்களுக்கு எட்டும் தொலைவில் உள்ளன. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று தை, மாசி, பங்குனி இரவுகளில் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காத்துவருகிறது. பட்டம் எதுவும் இல்லாமலே களப் பயிற்சியைத் தொடங்க அதைவிட நல்ல இடம் குறைவு. தகுதித் தேர்வின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். தானியங்கிக் கேமரா, எச்சத்திலிருந்து மரபணுவைப் பிரித்தல், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை வகைப்படுத்தல் ஆகியவற்றைக் கற்ற மாணவருக்குக் காட்டுக்கு வெளியிலும் வேலை கிடைக்கிறது என்பதால், இவற்றுள் ஒன்றையேனும் முதுகலைக் காலத்திலேயே கற்றுக்கொள்வது நன்று. வகுப்பறைகளில் பெண்கள் பலராகியுள்ளனர். பெற்றோர் அவர்களைக் களத்துக்கு அனுப்பத் தயங்குவதற்குக் காட்டு விலங்கு காரணமாக இருப்பது அரிது, பூட்டுள்ள அறையும் கழிப்பறையும் இல்லாத முகாம்களே பெரும்பாலும் காரணம்.

மாறாமல் இருப்பது முதுகலைக்கும் முதல் நிலையான உதவித்தொகைக்கும் இடைப்பட்ட காலம். ஊதியமற்ற தன்னார்வப் பணியை அனுபவம் என்ற பெயரில் ஏற்கச் சொல்லும் விளம்பரங்கள் இன்றும் வருகின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அவற்றை ஏற்று முன்னே செல்கின்றனர். ஆகவே இக்கட்டுரையாளர் தம்மிடம் வரும் மாணவரோடு பெற்றோரையும் அழைத்து உட்காரவைக்கிறார். பட்டத்திலிருந்து நிலையான பணி வரை பத்தாண்டுகள் ஆகலாம் என்று மறைக்காமல் கூறுகிறார். அப்பத்தாண்டில் எந்த ஆண்டுகளில் வருமானம் இராது, அவற்றை யார் தாங்குவர், தங்கை தம்பியர் படிப்பு எப்போது முடியும், இடையில் பி.எட். அல்லது வனவர் தேர்வு எங்கே பொருந்தும் என்று ஒரு தாளில் எழுதச் செய்கிறார். மாநில அரசும் பல்கலைக்கழகங்களும் அந்த இடைவெளிக்கென்று ஓராண்டுக் களப் பயிற்சி உதவித்தொகை ஒன்றை வகுத்து, அதில் ஒரு பகுதியைப் பழங்குடிக் களத் துணைவர்களின் பிள்ளைகளுக்கென ஒதுக்கினால், அத்தாளில் கோடிட்டு விடப்படும் கட்டங்களுள் பல நிரம்பும்.